கருத்துக் கேட்பு

மஸ்கட்
20.03.2015

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் அபர்ணா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். சாப்பாடு பரவாயில்லை, வெயில்தான் இப்போதே அடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை மசூது மாமாவின் பிரவுசிங் சென்டரில் நீ ஒன்றரை மணி நேரம் எனக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய் என்று அவர் மெயில் போட்டிருந்தார். அம்மா, இங்கே ஸ்கைப் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நெட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என் அறையில் இருக்கும் கொல்லத்து நர்ஸ் சிரித்தாள். "இந்த ஊரில் நெட் வழியாகப் பேசுவதெல்லாம் அடைப்பு. போன் கம்பெனிக்கு நஷ்டமாம். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் போன் போடு" என்றாள்.

போன் போடு. எப்படிப் போட? எங்கள் அம்மாவுக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை, நாங்கள் பேசுவது கையாலும் முகத்தாலும்தான் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சென்னையில் வேலை பார்த்த நாலு வருஷத்தில் நாம் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. இது தெரிந்திருந்தால் இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மெயில் என்றால் நீ எழுதிக் கொடுத்து மாமா டைப் அடிக்க வேண்டும். நாம் பேசுவது மூன்றாவது ஆள் கை வழியாகப் போக வேண்டாம். அதனால் தபாலில் எழுதுவோம். உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கும். என்னுடையதைப் பொறுத்துக்கொள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அபர்ணா


மேலகரம், தென்காசி
19.04.2015

அன்பு மகள் அபர்ணாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நான் சுகம். நீயும் சுகமாக இருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன். உன் கடிதம் பதினாலாம் நாள் வந்தது. தைலம் தேய்க்கிறேன். லாட்ஜில் வேலை குறைவு. சீசன் தொடங்கினால் படுக்கை விரிப்பு மாற்ற நேரம் போதாது. நடுவில் இரண்டு முறை ஒரு வேலையாகத் திருநெல்வேலி போய் வந்தேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். மசூது தன் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்று டெல்லியில் ஒன்று இருக்கிறதாம். இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனியாகக் கட்டணம் வைக்கலாமா என்று அது நாட்டு மக்களைக் கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் நூற்றுப் பதினெட்டுப் பக்கம், இருபது கேள்வி. ஏப்ரல் இருபத்து நாலுக்குள் யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம். நெட் நியூட்ராலிட்டி என்றால் என்ன என்று நோட்டில் எழுதிக் கேட்டேன். மசூது கீழே எழுதினார்: "நெட்டுக்குக் காசு கட்டியாச்சு. அதுக்கப்புறம் அதுல நீங்க எதப் பாக்கீங்க, யார்கிட்டப் பேசுதீங்கன்னு கம்பெனிக்காரன் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான் அக்கா."

உன் மஸ்கட் எனக்கு நினைவு வந்தது. நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் காது கேட்காத மற்றப் பத்துப் பேருக்கும் செய்தி அனுப்பினேன். நேற்று சனிக்கிழமை எல்லோரும் கடைக்கு வந்தார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் சொரிமுத்து வேலையை விட்டு வந்தான். மசூது ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் எழுதிக் காட்டினார். நமக்குச் சேர வேண்டியவை நாலைந்துதான்.

அப்போது ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மசூதின் முகம் மாறிவிட்டது. என்ன சொன்னார் என்று எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்றார். பேனாவை அவர் கையில் திணித்தேன். "ஊமையளுக்கு என்னத்துக்குவே நெட்டு?" என்று எழுதினார்.

சொரிமுத்து அதைப் படித்தான். கோபப்படவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் கோயம்புத்தூர் மில்லில் இருக்கும் தன் தங்கை மாடத்தியைக் கூப்பிட்டான். அவளுக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் கையால் பேசினார்கள். முக்கியமாக ஒன்றும் இல்லை. மாமியார் சண்டை, ரேஷன் அரிசி. அந்த மனிதர் ஜெராக்ஸை மறந்து நின்று பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானும் ஒரு மெயில் அனுப்பினார். அவர் பெயர் நமசிவாயம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.

யாரோ எழுதி வைத்ததை அப்படியே அனுப்பினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும், உங்களுக்கு நடந்ததை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்றார் மசூது. நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் டைப் அடித்து அனுப்பினார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
வடிவாம்பாள்


மஸ்கட்
10.05.2015

என் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன் என்று எடை மெஷின் சொல்லுகிறது. நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைக் கொல்லத்துக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். சொரிமுத்து அண்ணன் செய்ததைக் கேட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே அடைத்திருப்பதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அங்கே கேட்கவாவது செய்கிறார்கள். பத்து லட்சம் மெயில் போயிருக்கிறதாமே. அதில் பதினொன்று உங்களுடையது என்று வார்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

நீ என்ன எழுதினாய்? அடுத்த கடிதத்தில் அதை அப்படியே எழுது. இன்னொன்று. மாமாவிடம் சொல்லி நீ கையால் பேசுவதை வீடியோ எடுத்து மெயிலில் அனுப்பச் சொல். இரண்டு நிமிஷம் போதும். எனக்கு உன் முகம் வேண்டும்.

முத்தங்களுடன்,
அபர்ணா


மேலகரம்
02.06.2015

அன்பு மகளுக்கு,

சுகம். உன் சுகம் அறிந்து மகிழ்ச்சி. எடை கூடியது நல்லது.

நான் எழுதியதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் எழுதியதுதான். வந்த மெயில்களை எல்லாம் ஆணையம் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டது. பெயர், மெயில் முகவரி எல்லாம் தெரிகிறது என்று ஊரெல்லாம் கோபம். மசூதுக்கும் கோபம். நீ அதைத் தேடிப் படிக்க வேண்டாம். நிறைய எழுத்துப் பிழை.

வீடியோ வேண்டாம். பேசினால் நீ பதில் பேச வேண்டும். பதில் வராத இடத்தில் கையை ஆட்டிக்கொண்டிருக்க எனக்கு என்னவோ போல் இருக்கிறது. போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு எடுத்த போட்டோவை இதில் வைத்திருக்கிறேன். அதில் நீல வாயில் சேலை நன்றாக விழுந்திருக்கிறது.

சாரல் இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்கிறார்கள். பதில் தாமதமானால் சீசன் வேலை என்று எடுத்துக்கொள்.

அம்மா


மஸ்கட்
09.08.2015

அம்மாவுக்கு,

சுகமா? ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மாமாவுக்கு மெயில் போட்டேன். "அக்கா நல்லாத்தான் இருக்காங்க" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர் எப்போதும் ஒரு பக்கம் எழுதுகிறவர்.

இரண்டு வரி போதும். எழுது.

அபர்ணா


மேலகரம்
30.08.2015

அன்பு மகளுக்கு,

கவலைப்படாதே. சுகம். சீசன் கூட்டம் அதிகம். ஈர விரிப்புகளைப் பிழிந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். சொரிமுத்து சந்தையிலிருந்து காய் கொண்டு வந்து தருகிறான். மசூதின் மனைவி சமீனா தினமும் வந்து போகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒப்பந்தம் முடியாமல் லீவு கேட்காதே. உன் வேலையைப் பார்.

அம்மா


மஸ்கட்
06.11.2015

அம்மா,

சுகமா என்று கேட்கப் போவதில்லை.

உன் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. செப்டம்பரில் பாதிப் பக்கம், அக்டோபரில் ஒரு கார்டு. நீ எழுதியதில் நான் படிக்காதது ஆணையத்துக்கு அனுப்பிய அந்த மெயில் ஒன்றுதான் மிச்சம். அதையாவது படிப்போம் என்று தேடினேன். தேதி வாரியாகப் போட்டிருந்தார்கள். ஏப்ரல் பதினெட்டு மட்டும் ஆயிரக்கணக்கான பக்கம். மூன்று வெள்ளிக்கிழமை தேடினேன். இன்றைக்கு மசூது மாமா கடையின் மெயில் முகவரி கண்ணில் பட்டது. சொரிமுத்து அண்ணனுடையதுக்கு அடுத்து உன்னுடையது. நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் இங்கே எழுதுகிறேன்.

"ஐயா, என் பெயர் வடிவாம்பாள். வயது ஐம்பத்து மூன்று. எனக்கு மூன்று வயதிலிருந்து காது கேட்காது. பேச்சு இல்லை. இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அது போனுக்கு மேல் இன்னொரு வசதி. எனக்குப் போன் என்று இருப்பதே அது ஒன்றுதான். என் மகள் வெளிநாட்டில் நர்ஸ். அந்த நாட்டில் அதை அடைத்திருக்கிறார்கள். அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் நான் சொல்ல முடியும். சென்ற மாதம் எனக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டதாம். என் மகளுக்கு இது தெரியாது. காகிதத்தில் எதையும் மறைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் முகத்தைப் பார்த்திருந்தால் என்னால் மறைத்திருக்க முடியாது. நம் நாட்டிலும் அடைத்துவிடாதீர்கள்."

ஏழு மாதமாக இது உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்திருக்கிறது. பத்து லட்சம் பேர் மெயிலோடு மெயிலாக. டெல்லியில் ஏதோ ஒரு குமாஸ்தா என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று எனக்கு முன்னால் படித்திருப்பான். நான் நர்ஸ், அம்மா. தினமும் ஊரார் அம்மாக்களுக்கு ஊசி போடுகிறேன்.

மாமாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "டைப் அடிச்சது நீங்கதான மாமா" என்றேன். "சத்தியம் வாங்கிட்டாங்க தாயி" என்று அழுதார். நீ ஜூனிலேயே லாட்ஜ் வேலையை விட்டுவிட்டாய் என்பதையும் அவர்தான் சொன்னார். உன்னிடம் போனில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். டிசம்பர் பன்னிரண்டுக்கு முன்னால் விட மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கிச் செங்கோட்டை வழியாக வருவேன். அதுவரை நீ இருக்க வேண்டும்.

அபர்ணா


மேலகரம்
24.11.2015

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். வலி இருக்கிறது. மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் தாங்குகிறது. இனி சுகம் என்று எழுத மாட்டேன். இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ ஐந்து வயதில் ரேஷன் கடையில் எனக்காகச் சண்டை போட்டாய். பள்ளியில் உன்னைப் பற்றி டீச்சர் சொன்ன புகாரை நீயே எனக்குக் கையால் சொன்னாய். ஒன்றும் குறைக்காமல் சொன்னாய். உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் பேசினார். நீ என் பக்கம் திரும்பி, "அப்பா இறந்துவிட்டார்" என்று சைகை செய்தாய். உனக்கு அப்போது பதினோரு வயது. அழாமல் செய்தாய். சைகை தெளிவாக இருக்க வேண்டும் என்று அழவில்லை. அது எனக்குத் தெரியும்.

மார்ச்சில் டாக்டர் என்னிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். படித்ததும் முதலில் நினைத்தது இதுதான். இதை எனக்கு அபர்ணா சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவில் நிம்மதியாக இருந்தது. உனக்கு ஒரு வருஷமாவது யாருக்கும் வாயாக இல்லாமல் நீயாக இருக்கக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். தவறாக இருக்கலாம்.

முகம் தெரியாத ஆணையத்திடம் மட்டும் ஏன் சொன்னாய் என்று நீ கேட்பாய். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவர்கள் கேட்டார்கள்.

வா. குளிருக்குப் போர்வை கொண்டு வராதே. இங்கே இருக்கிறது.

அம்மா


தென்காசி
09.02.2016

அன்புள்ள அபர்ணாவுக்கு,

மசூது மாமா ஸலாம் சொல்லி எழுதுறது. நானும் சமீனாவும் சுகமா இருக்கோம். நீ போய்ச் சேந்த சேதி கிடைச்சுது. வேளாவேளைக்குச் சாப்பிடுதியான்னு சமீனா கேக்கச் சொன்னா. மெயில்ல எழுதிரலாம். அக்கா ஞாபகத்துல தபால்ல எழுதுதேன்.

நேத்து ஆணையம் உத்தரவு போட்டுட்டு. இந்தப் பக்கம் பாத்தா இலவசம், அந்தப் பக்கம் பாத்தா காசுன்னு நெட்டுல ஆளுக்கொரு ரேட்டு வைக்கக் கூடாது. மீறுனா அபராதம். நம்ம ஆளுக எல்லாரும் கடைக்கு வந்துட்டாங்க. நமசிவாயம் அண்ணாச்சி அல்வா வாங்கிட்டு வந்தாரு. சொரிமுத்து பாதி தின்னுட்டு வெளிய போய் நின்னுக்கிட்டான். நான் போய்த் தோளத் தொட்டேன். அக்காவக் காட்டுற சைகையச் செஞ்சான். நானும் அங்கனயே கூட நின்னுட்டேன்.

ஜனவரில நீயும் அக்காவும் அனுப்புன ரெண்டாவது மெயிலும் அந்தப் பக்கத்துல ஏறியிருக்கு. அக்கா பேருதான் இருக்கு.

அபர்ணா, நான் செஞ்சது எனக்கே பொறுக்கல. ஏப்ரல்லயே உனக்கு ஒரு வரி தட்டி விட்டிருந்தா நீ எட்டு மாசம் முன்னாடி வந்திருப்ப. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு உங்கிட்ட இருந்து அந்த எட்டு மாசத்த எடுத்துட்டேன். நீ ஏசுனா ஏசு.

கடைசி நாளப் பத்தி நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாமப் போயிட்ட. சொல்லணும்னு இல்ல. மனசுல வச்சுக்கிட்டு அங்கன தனியாக் கெடந்து உழலாத.

இப்படிக்கு,
மசூது


மஸ்கட்
26.02.2016

மசூது மாமாவுக்கும் சமீனா மாமிக்கும்,

அபர்ணாவோட வணக்கம். சாப்பிடுதேன், தூங்குதேன், டூட்டிக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் உடம்பப் பாத்துக்கோங்க.

உங்கள ஏச மாட்டேன். அன்னைக்கு ஏசுனதே போதும். அம்மா கேட்டா நானும் சத்தியம் பண்ணியிருப்பேன்.

உத்தரவு வந்தது சந்தோஷம். இங்க ஒண்ணும் மாறல. ஸ்கைப் இன்னும் அடைப்புத்தான். போன வாரம் கொல்லத்துக்காரி, என்னைக்காவது திறந்துவிடுவாங்கன்னு சொன்னா. திறந்தா நான் யாரக் கூப்பிட?

ரெண்டாவது மெயில் அம்மாவே சொன்னதுதான். ஏழைகளுக்கு நெட்ட இலவசமாக் கொடுக்கோம், ஆனா நாங்க சொல்லுற சில பக்கம் மட்டுந்தான்னு அந்தப் பெரிய கம்பெனி விளம்பரம் பண்ணுச்சில்ல, அதப் பத்தி. பொத்தான அமுக்குனாப் போதும், ஆதரவு தானாப் போயிரும்னு வச்சிருந்தான். அதக் காட்டுனேன். அம்மா படுத்துக்கிட்டே விரல மட்டும் அசைச்சுச் சொன்னா. "எந்த ஜன்னலைத் திறப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். நாங்கள் கையால் பேசுகிற ஜன்னல் அதில் இருக்காது. எனக்கு முழுக் கதவு வேண்டும்." நான் கொஞ்சம் அழகா மாத்தி எழுதுனேன். வாசிச்சுப் பாத்துட்டு, "இது உன் வார்த்தை. என்னுடையதைப் போடு"ன்னா. அழிச்சிட்டுத் திரும்ப எழுதுனேன். அதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. முடிச்சதும் ரொம்ப நேரம் என் மொகத்தப் பாத்துக்கிட்டே கிடந்தா.

எல்லா நாளும் அப்படி இல்ல மாமா. நாங்க சண்டை போட்டோம். வந்த அன்னைக்கே போட்டோம். ஏன் சொல்லலன்னு நான் கையால கத்துனேன். காது கேக்கிறவங்க கோவம் வந்தா எந்திரிச்சுப் போவாங்க, கதவச் சாத்துவாங்க. அம்மா கண்ண மூடிக்கிடுவா. மூடிட்டா அவகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளையில நான் அவ இமையப் பிடிச்சுத் திறந்திருக்கேன். பெரியவளானதும் அவளாத் திறக்கட்டும்னு உக்காந்திருப்பேன். அவ்வளவுதான் வழி.

ஜனவரி இருபதாம் தேதி காலையில அம்மாவுக்கு மொகம் கழுவி விட்டேன். "லீவு முடிகிறது, டிக்கெட் போட்டாயா"ன்னு கேட்டா. வேலைய விட்டுட்டேன், போகலன்னேன். பொய்தான். அவளுக்கு அது தெரிஞ்சிருக்கும், மொகத்தப் பாத்துட்டாளே. "போ"ன்னா. மாட்டேன்னேன். திரும்பவும் "போ"ன்னா. மாட்டேன்னேன். கண்ண மூடிக்கிட்டா.

கோவந்தான்னு நெனச்சேன். திறந்ததும், சரிம்மா போறேன்னு சொல்லிரலாம்னு கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தேன். நான் நர்ஸ், எத்தனை பேருக்கு நாடி பிடிச்சிருக்கேன். அன்னைக்குக் கையப் பிடிச்சுப் பாக்கணும்னு தோணவே இல்ல. மாமி கஞ்சி கொண்டுட்டு உள்ள வந்து எம் மொகத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பாக்குற வரைக்கும், நான் அவ கண்ணத் திறக்கட்டும்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இத யார்கிட்டயும் சொல்லல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்.

உங்கள்,
அபர்ணா